கழிவுக்குழியின் முதல் நெருப்பு

சாணத்திலிருந்து நெருப்பு எடுக்கத் தெரியும் என்பதற்காக ஒரு மனிதனைக் கடல் கடந்து கூப்பிடுவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்பு. சூரத்தில் சாயப்பட்டறை, பெல்லாரியில் கல் உடைப்பு, தூத்துக்குடியில் உப்பளம் என்று சுற்றிவிட்டுப் புதுக்கோட்டைக்குத் திரும்பியபோது, அரசாங்கம் மானியம் கொடுத்து வீட்டுக்கு வீடு கோபர் கேஸ் என்ற சாண வாயுக் குழி கட்டச் சொல்லிக்கொண்டிருந்தது. கொத்தனாருக்குக் கையாளாகப் போனேன். குழி வெட்டுவதிலிருந்து அடுப்பைப் பற்றவைப்பது வரை கற்றுக்கொண்டேன். அந்த வேலையைப் பார்த்த ஒருவர் மலாய் நாட்டில் சிரம்பானிலிருந்த தன் உறவினரிடம் என் பெயரைச் சொல்லிவிட்டார். எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்கால முடிவில் அங்கே போய் இறங்கினேன்.

உறவினர் பெயர் சாத்தப்பன். பாட்டனார் காலத்தில் வட்டிக்கடை. இவர் காலத்தில் இயந்திர உதிரிபாகமும் ஆலை ஒப்பந்த வேலையும். வீடு சிரம்பானிலேயே லோபாக் பகுதியில். முதல் நாள் காலை எதிர்க்கடையில் வாழை இலைப் பொட்டலம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். பிரித்தால் தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, மேலே சிவப்பாக ஒரு துவையல், வறுத்த நெத்திலி, நிலக்கடலை. விடிந்ததும் சோறா என்று யோசித்தேன். இரண்டாவது பொட்டலத்தை நானே கேட்டு வாங்கினேன்.

நான் சாப்பிடும்போதே அவர் வேலையை விளக்கினார். செம்பனைப் பழத்தை அவித்து எண்ணெய் எடுக்கும் ஆலைகள், எண்ணெயைவிட அதிகமாகப் பழுப்புக் கழிவு நீரை வெளியே விட்டன. ஆறு நாறியது, மீன் செத்தது. அரசாங்கம் முதலில் சட்டம் போட்டது. பிறகு, கழிவைக் குறைத்து அதிலிருந்து ஏதாவது பயன் எடுத்துக் காட்டுகிறவர்களுக்குப் பாதிச் செலவைத் தானே தருவதாகச் சொன்னது. ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆலையை முதலாளி பேசி முடித்திருந்தார். கழிவு நீரிலிருந்து எரிவாயு எடுத்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரே ஒரு வீட்டில் அடுப்பு எரித்துக் காட்ட வேண்டும். எரிந்தால் லயம் முழுவதற்கும் குழாய் போடப் பணம் வரும்.

"வீசுறதத் திருப்பி எடுத்து அடுப்புல வைங்கிறான் அரசாங்கத்துல. நம்ம ஊர்ல சாணியில செஞ்சதத்தானே கேக்குறான்? அதான் ஒன்னைய வரச்சொன்னேன் சின்னையா" என்றார்.

"குழி இருக்கா முதலாளி?"

"பழைய கழிவுக்குழி ஒண்ணு இருக்கு. வட்டமா, கான்கிரீட்டு. ஆலை சின்னதா இருந்தப்பக் கட்டுனது. சும்மாத்தான் கெடக்கு. பழைய சகதி உள்ளேயே இருக்காம்."

"அது நல்லதுதான். தயிருக்கு உறை ஊத்துற மாதிரி. வாயு சீக்கிரம் பிடிக்கும்" என்றேன். தெரிந்ததைச் சொன்னேன். அந்த வார்த்தையை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

குழிக்கு மேல் கவிழ்க்க வேண்டிய இரும்புக் கலத்தைச் சிரம்பான் பட்டறையில் செய்து வைத்திருந்தார்கள். பெரிய அண்டாவைக் கவிழ்த்தது போல இருக்கும். வாயு சேரச் சேர அது மேலே எழும்பும். மறுநாள் அதை லாரியில் ஏற்றிப் புறப்பட்டோம். லாரியை ஓட்டியவர் ஒரு சீனக் கிழவர். துணைக்குத் தோட்டத்திலிருந்து மண்டோர் காளிமுத்து வந்திருந்தார். மண்டோர் என்றால் அங்கே வேலையாட்களை மேய்க்கும் மேஸ்திரி. ஐம்பது வயதிருக்கும். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. கடைசி வரை "ஊர்க்காரரே"தான்.

பெரிய சடக்கை, அதாவது தார்ச்சாலையை, விட்டுத் தோட்டத்துச் செம்மண் பாதையில் திரும்பியபோது கயிறு அறுந்தது. கலம் லாரியிலிருந்து சரிந்து, சரிவில் உருண்டு செம்பனை மரங்களுக்குள் போனது. ஒவ்வொரு மரத்தில் இடிக்கும்போதும் கோயில் மணி போல ஓசை. கடைசி மரத்தில் முட்டி நின்ற பிறகும் ஓசை நிற்கவில்லை. செம்பனைக் காட்டில் பகலிலும் வெளிச்சம் பச்சையாக மங்கித்தான் இருக்கும். ஒரு பறவைச் சத்தம்கூடக் கிடையாது. அந்த அமைதியில் கலம் தானாகவே முனகிக்கொண்டிருந்தது.

கிழவர் மலாயில் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"உள்ளுக்கு யாரோ இருக்காங்களான்னு கேக்குறாரு" என்றார் காளிமுத்து. பிறகு கிழவரிடம் தமிழிலேயே, "சும்மா இரு லா அப்பே, வாய வெச்சிக்கிட்டு" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

தோட்டத்து டிராக்டர் வந்து கலத்தை இழுத்துப் போகும் வரை மூன்று பேரும் பாதையோரம் உட்கார்ந்து ரம்புத்தான் தின்றோம். தோலில் முடி வைத்த பழம். உரித்தால் நுங்கு போல.

குழி, லயத்தின் கடைசி வீட்டுக்கும் ஆலைக்கும் நடுவில் இருந்தது. நான் தேடிக்கொண்டே நடந்தேன். தரை மட்டத்தில் ஒரு கான்கிரீட் வளையம் தெரிந்தது. வளையத்துக்குள் பச்சையாகப் புல். குழியைத்தான் மூடிவிட்டார்களோ என்று நினைத்து உள்ளே காலை வைக்கப் போனேன். காளிமுத்து என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"தரை இல்ல ஊர்க்காரரே."

அவர் ஒரு கல்லை எடுத்துப் புல் மேல் போட்டார். கல் சத்தமில்லாமல் உள்ளே போனது. போன இடத்தில் கறுப்பாக ஒரு கண் திறந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடிக்கொண்டது. கழிவிலிருந்த எண்ணெய்ப் பசை வருடக்கணக்கில் ஆடையாகக் காய்ந்து, அதன் மேல் தூசி படிந்து, புல் முளைத்திருந்தது. நின்று பார்த்தால் அந்தப் பச்சை மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. அடியில் வாயு சேர்ந்து வெளியேறுவதுதான். எனக்குப் பழக்கப்பட்ட விஷயம். ஆனாலும் தூங்குகிறவரின் வயிற்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

உச்சி வேளைக்கு ஒரு பெண் லயத்திலிருந்து தூக்குச்சட்டியோடு வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, நெற்றி நிறையக் குங்குமம். குழியோரத்து மரத்தடியில் உட்கார்ந்து, தூக்குச்சட்டியைப் பக்கத்தில் வைத்து, ஆலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. ஆலைச் சங்கு ஊதியதும் எழுந்து, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"யாருக்குச் சாப்பாடு?" என்று கேட்டேன்.

காளிமுத்து சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார். "அது பாக்கியம் அக்கா. புருசன் முனியன், பாய்லர்ல நெருப்புத் தள்ளுற வேல. மத்தியானத்துல அந்த மரத்தடிக்கு வந்துதான் பசியாறுவாரு. ஒரு நாளு அக்கா சோறு எடுத்துக்கிட்டு வந்து காத்திருந்துச்சு. மனுசன் வரல. நல்ல மழ. அன்னிக்குப் போனவருதான்."

"எங்க?"

"ஆப்பீசுல என்னா சொன்னாங்க, சிங்கப்பூருக்கு ஓடிட்டாருன்னு. நாங்க மூங்கில வுட்டுக் குத்திப் பாத்தோம். ஒண்ணும் தட்டல." குழிப் பக்கம் கையைக் காட்டவில்லை, தலையை மட்டும் லேசாகத் திருப்பினார். "பாய்லர்லேருந்து மரத்தடிக்கு இதான் குறுக்கு வழி."

"அக்கா என்ன நினைக்கிறாங்க?"

"விழுந்திருந்தாக் கூப்பிட்டிருப்பாரு, நான் இங்கதான ஒக்காந்திருந்தேன்னு சொல்லும். மறுநாளு, ஓடுற ஆளு இல்லன்னும் சொல்லும். ரெண்டுல ஒண்ணு தெரியாமத்தான் சோத்தத் தூக்கிக்கிட்டு நிக்கிது. வருசம் பல ஆச்சு."

லயத்தில் காலியாகக் கிடந்த ஒரு வீட்டை எனக்குக் கொடுத்தார்கள். பலகைச் சுவர், தகரக் கூரை, கூரையில் பல்லிகள். மழை பெய்தால் பேச்சுக் கேட்காது. எனக்கு அது சொகுசுதான். பெல்லாரியில் தார்ப்பாய்க்குக் கீழே இரண்டு கோடையைக் கழித்தவன். சாப்பாடு பாக்கியம் அக்கா வீட்டில் என்று காளிமுத்து ஏற்பாடு செய்தார். கருவாடும் கத்திரிக்காயும் போட்ட குழம்பு, மரவள்ளிக்கிழங்கு, டின் பால் ஊற்றிய கோப்பி. கோப்பி வெல்லப்பாகு போல இனிக்கும்.

அந்த வீட்டில் எப்போதும் மூன்று தட்டு இருக்கும்.

லயத்துக்காரர்கள் அக்காவை ஒரு கல்யாணம் காட்சிக்கும் விட்டுவிடுவதில்லை. வளைகாப்புக்கு, பெண் கூப்பிட, விளக்கேற்ற, எல்லாவற்றுக்கும் முதல் அழைப்பு அவருக்குத்தான். காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஒரு முறை கூப்பிடாமல் விட்டால் முனியன் செத்துவிட்டார் என்று அவர்களே முடிவு செய்ததாகிவிடும். அந்தப் பாவத்தை எடுத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை. அதனால் வருடத்துக்கு வருடம் அவர் நெற்றிக் குங்குமத்துக்கு அத்தனை பேரும் காவல்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சோறு போடும்போது அக்கா கேட்டார்.

"தம்பி, அந்த மூடியக் கவுத்துட்டா அப்பறம் தொறக்க மாட்டீங்களா?"

"திறக்க மாட்டாங்க அக்கா. வருஷக்கணக்கா அப்படியேதான் இருக்கும்."

"அடி வரைக்கும் வழிச்சிட்டுத்தான் கவுப்பீங்களா?"

பழைய சகதி உள்ளேயே இருப்பது நல்லது என்று சொன்னவனே நான்தான்.

மறுநாள் ஆலை அலுவலகத்துத் தொலைபேசியில் முதலாளியைப் பிடித்தேன். குழியை அடி வரை சுத்தம் செய்ய வேண்டும் என்றேன்.

"நீதானப்பா உறை மோருன்னு சொன்னே? அதிகாரி வர்ற தேதி நெருங்குது. நேரத்துல எரியலைன்னா அரசாங்கம் கையை விரிச்சுடும். போட்டது அம்புட்டும் என் தலையில."

"கலம் ஏறி இறங்க நடுவுல ஒரு தண்டு நிக்கணும் முதலாளி. அது அடித்தளத்துல ஊன்றணும். சகதியில ஊன்றினா சாயும். அதிகாரி முன்னாடி கலம் கோணிக்கிட்டு நிக்கும்." அது பொய்யில்லை. நூற்றுக்கு நூறு உண்மை. உறைக்கு மாட்டுச் சாணம் கொண்டுவருகிறேன் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு, "கோணிக்கிட்டு மட்டும் நிக்கக் கூடாது" என்று வைத்துவிட்டார்.

தோட்டத்தில் மாடு கிடையாது. செம்பனை நட்ட பிறகு வளர்க்கக் கூடாதென்று சொல்லிவிட்டார்களாம். ரெம்பாவ் பக்கத்துக் கம்பத்தில் மாடு உண்டு என்றார்கள். கம்பம் என்றால் மலாய்க் கிராமம். காளிமுத்துவின் மோட்டார் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியில் சங்கிலி கழன்றது; மாட்டும்போது அவர் விரல் நசுங்கியது; அதற்கும் அவர் என்னைத்தான் திட்டினார். கூரை இரண்டு முனையிலும் மாட்டுக்கொம்பு போல வளைந்த ஒரு வீட்டின் முன்னால் நிறுத்தினோம். சாணம் வேண்டும் என்றதும் வீட்டுக்காரப் பெரியவர் சிரித்தார். எடுத்துக்கொண்டு போங்கள், எனக்கு வேலை மிச்சம் என்றாராம். எங்கள் ஊரில் பாதையில் விழுந்த சாணத்துக்கு இரண்டு பெண்கள் குடுமி பிடித்துச் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே கொடுத்ததுமல்லாமல் குடிக்க இளநீரும் வெட்டித் தந்தார்.

எந்தத் தோட்டம் என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். காளிமுத்துவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். திரும்பி வரும்போது கேட்டேன்.

"புல்லு மொளச்ச கொளத்துக்கிட்ட சாயங்காலம் போவாதீங்க, அது மூச்சு வுடுதுன்னாரு. இங்க வரைக்கும் தெரிஞ்சிருக்கு பாருங்க" என்றார்.

குழியின் ஆடையை வெட்டி எடுத்தோம். பாளம் பாளமாகப் புல்லோடு வந்தது. இயந்திரம் வைத்து நீரை ஆலையின் பெரிய கழிவுக் குளத்துக்கு இறைத்தோம். அடியில் முழங்கால் அளவுக்குக் கறுப்புச் சகதி மட்டும் மிஞ்சியது. வேலையாட்கள் நான்கு பேர் ஏணியோடு வந்தார்கள். நான் அவர்களை இறங்க விடவில்லை. இந்த மாதிரிக் குழியில் விளக்கை இறக்கிப் பார்க்கக் கூடாது, வெடிக்கும். ஊரில் கோழியைத்தான் இறக்குவோம்.

"பலியா?" என்று ஒருவன் கேட்டான்.

"காத்து சோதனை" என்றேன்.

கூடையில் கோழியை வைத்துக் கயிற்றில் இறக்கினேன். அது கொக்கரித்துக்கொண்டே போனது. வளையத்துக்குக் கீழே ஓர் ஆள் உயரம் போனதும் சத்தம் பாதியில் நின்றது. சிறகடிப்பும் இல்லை. இழுத்துப் பார்த்தபோது தலை கூடை விளிம்பில் தொங்கியது. உடம்பில் ஒரு காயம் இல்லை.

அது உச்சி வேளை. அக்கா தூக்குச்சட்டியோடு எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

"கத்தவே இல்லையே தம்பி."

"கத்த முடியாது அக்கா. அடியில கெட்ட வாயு தேங்கியிருக்கும். ஒரு மூச்சு இழுத்தா நினைவு போயிரும். மனுஷனுக்கும் அப்படித்தான்."

"கூப்புட வாய் வராது?"

"வராது."

அவர் தூக்குச்சட்டியை மண்ணில் வைத்தார். அன்று சங்கு ஊதிய பிறகும் எழுந்திருக்கவில்லை. காளிமுத்துதான் போய் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

ஆலையிலிருந்து ஒரு பெரிய விசிறியைக் கொண்டுவந்து வைத்து இரண்டு நாள் காற்றடித்தோம். இன்னொரு கோழியை இறக்கினேன். அது கீழே போய்க் கூடையைக் கொத்திக்கொண்டிருந்தது. இடுப்பில் கயிறு கட்டி முதலில் நான் இறங்கினேன். பின்னால் காளிமுத்து, அவரும் கயிறோடு. மற்றவர்களை அவர் மேலேயே நிறுத்திவிட்டார்.

கீழே வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே ஆலை இரைவது உள்ளே கேட்கவில்லை. மண்வெட்டியால் சகதியை ஒதுக்கிக்கொண்டே சுவரோரம் வந்தோம். அங்கே இரண்டு ரப்பர் பூட்ஸ் இருந்தன. சரிந்து கிடக்கவில்லை. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நிமிர்ந்து, முனை இரண்டும் மரத்தடிப் பக்கம் பார்த்து, ஆள் நிற்பது போலவே நின்றன. உள்ளே சுண்ணாம்புக் குழைவு போல ஏதோ வெள்ளையாக இருந்தது. வேறு எதுவும் இல்லை. இடது பூட்ஸில் கணுக்காலுக்கு மேல், சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிய சிவப்பு ஒட்டு.

"அந்த ஒட்டு அக்கா போட்டது. நான்தான் டியூபு குடுத்தேன்" என்றார் காளிமுத்து.

"எலும்பு?"

"இந்தப் புளிச்ச தண்ணியில இரும்பு வாளியே தாங்காது ஊர்க்காரரே. மனுசன் எம்மாத்தரம்." மேலே நிற்பவர்களுக்குத் தெரியாதபடி, அவர் தலைப்பாகையை அவிழ்த்துப் பூட்ஸ் இரண்டையும் அதில் சுற்றினார்.

தன் வீட்டு வாசலில் அக்கா மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். ஒட்டை விரலால் தடவினார். அழவில்லை. காளிமுத்து, "சொல்லிரட்டுமாக்கா லயத்துல?" என்று கேட்டார்.

"சொல்லாத தம்பி. சொன்னா இன்னிக்கே வந்து வளையல ஒடச்சி, தண்ணி ஊத்தி, காரியத்த முடிச்சிருவாங்க. எரிக்கிறதுக்கு என்னா இருக்கு? இந்தப் பூட்ஸா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தக் குழியிலேருந்து நெருப்பு வரும்னு சொல்றீங்க இல்ல. நெசமா வருமா?"

"வரும் அக்கா. மூணு வாரம் ஆகலாம்."

"அடியில எடுத்த சேறு கொஞ்சம் மறுபடி உள்ள போவணும். ஒறைக்கு நல்லதுன்னு நீங்கதான் சொன்னீங்களாமே. அந்த நெருப்பு வரட்டும். அத நான் பத்தவைக்கிறேன். அது வரைக்கும் நான் இப்புடியே இருக்கேன்."

வழித்த சகதியைச் செம்பனைக்கு உரமாகப் போட வேண்டும் என்பதும் திட்டத்தில் உண்டு. அதைப் போட்டோம். பூட்ஸ் நின்ற சுவரோரத்துச் சகதியில் ஒரு வாளியை மட்டும் தனியாக எடுத்துவைத்தேன். தண்டை ஊன்றி, சாணத்தைக் கரைத்து ஊற்றி, ஆலையின் புதுக் கழிவு நீரை விட்டபோது அக்கா அந்த வாளியைத் தானே தூக்கி வந்து கவிழ்த்தார். பிறகு கலத்தை இறக்கினோம். ஒரு முறை முனகிவிட்டு அது நேராக உட்கார்ந்தது.

அதன் பிறகு காத்திருப்பதுதான். காலையில் போய்க் கலத்தின் உயரத்தைப் பார்ப்பேன். முதல் வாரம் அசையவில்லை. பிறகு ஒரு காலையில் விரற்கடை எழும்பியிருந்தது. வெயில் ஏறினால் உயரும், மழை பெய்தால் தாழும். லயத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடுவதை நிறுத்திவிட்டார்கள். அக்கா உச்சி வேளைக்கு வருவதை நிறுத்தவில்லை. இப்போது ஆலைப் பக்கம் பார்ப்பதில்லை. கலத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

முதலில் சேரும் வாயு எரியாது; அதை வெளியே விட்டுவிட வேண்டும். விட்டேன். மறுபடி சேர்ந்ததை அடுப்பில் கொளுத்திப் பார்ப்பது வழக்கம். நான் பார்க்கவில்லை. முதல் நெருப்பு அக்காவுடையது. எரியாமல் போனால் முதலாளிக்கு மானியம் போகும். அக்காவுக்குப் போவது வேறு. அதனால் அதிகாரி வருவதற்கு முந்தைய இரண்டு நாளும் எனக்குக் கோப்பிகூடக் கசந்தது.

அதிகாரி ஓர் இளம் மலாய்க்காரர். தலையில் மஞ்சள் தொப்பி, மரியாதையான பேச்சு. சாத்தப்பன் முதலாளி வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். அடுப்பைக் கடைசி வீட்டில், அதாவது அக்கா வீட்டில் பொருத்தியிருந்தேன். குழிக்கு அதுதான் பக்கம். வாசலில் லயமே கூடியிருந்தது.

"புது அடுப்பு. ஒரு சுமங்கலியக் கூப்பிட்டுப் பால் காய்ச்சச் சொல்லுங்கப்பா" என்றார் முதலாளி.

பெண்கள் யோசிக்கவே இல்லை. "பாக்கியம் அக்காதான்" என்று நாலைந்து குரல் ஒன்றாக வந்தது. காளிமுத்து என்னைப் பார்த்தார். நான் குழாயைப் பார்த்தேன்.

அக்கா குளித்து மஞ்சள் சேலை கட்டியிருந்தார். நெற்றியில் என்றைக்கும் இல்லாத அளவு பெரிய குங்குமம். தீக்குச்சியைக் கிழித்து அடுப்புக்குக் கொண்டுபோனார். நான் குமிழைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று வந்து குச்சியை அணைத்தது. வாசலில் ஒருவர் இருமினார். முதலாளியின் கழுத்தில் வேர்வை இறங்கியது.

"குழாய்ல நின்ன காத்து. இன்னொரு குச்சி அக்கா" என்றேன்.

இரண்டாவது குச்சிக்கு அது பிடித்தது. பொத்தென்று ஒரு சத்தம், பிறகு நீல வட்டம். பகல் வெளிச்சத்தில் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டிய நெருப்பு. அக்கா அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு ரந்தாவ் பால்காரர் கொண்டுவந்த பாலை ஊற்றிய பாத்திரத்தை வைத்தார். பால் பொங்கி வழிந்தது. "பொங்கிருச்சு, பொங்கிருச்சு" என்றார்கள். அதிகாரி கைதட்டினார்.

பாத்திரத்தைச் சேலைத் தலைப்பால் பிடித்து அக்கா தூக்கினார். எல்லோருக்கும் ஒரு வாய் கொடுப்பார் என்று டம்ளரோடு நின்றார்கள். அவர் பாத்திரத்தை நெருப்பின் மேலேயே சாய்த்தார். அவசரமில்லாமல், சுற்றி வர, சாம்பல் மேல் பால் தெளிப்பது போல, கடைசிச் சொட்டு வரை. நெருப்பு சீறி அணைந்தது. நான் குமிழை மூடினேன். கருகிய பால் வாடை வீடு முழுக்க நிறைந்தது.

அதிகாரி மலாயில் கேட்டார். இதுவும் உங்கள் வழக்கமா என்று. காளிமுத்துதான் பதில் சொன்னார். "ஆமாங்க துவான், இதுதான் கடைசி வழக்கம்" என்று சொன்னதாகப் பிறகு என்னிடம் சொன்னார்.

அக்கா உள்ளே போய்ப் பூட்ஸ் இரண்டையும் எடுத்துவந்து வாசல்படியில் ஜோடியாக வைத்தார். புறங்கையால் நெற்றிக் குங்குமத்தைத் துடைத்தார். கூட்டத்துப் பெண்கள் சிவப்பு ஒட்டைப் பார்த்தார்கள். ஒருத்தி தரையில் உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் அழுகை எழுந்தது. அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

நெருப்பு வந்தது என்று அவர் எழுதிக்கொண்டு போனார். லயம் முழுவதற்கும் குழாய் போடப் பணம் வரும் என்று முதலாளிக்குத் தகவலும் வந்தது. ஆனால் லயத்தில் ஒரு வீடும் குழாய் கேட்கவில்லை. "அந்த நெருப்புல வெந்தத எவன் திம்பான்?" என்றார் காளிமுத்து, குற்றம் சொல்லவில்லை, நிலவரத்தைத்தான் சொன்னார். முதலாளி என்னைத் திட்டிவிட்டு, மலாக்காப் பக்கத்தில் இன்னோர் ஆலைக்குப் போகச் சொன்னார்.

புறப்படும் அன்று உச்சி வேளை. குழியோரத்து மரத்தடியில் யாரும் இல்லை. கலம் நன்றாக எழும்பி நின்றது. கடைசி வீட்டு வாசலில் அக்கா வெறும் நெற்றியோடு நின்று தூக்குச்சட்டியை நீட்டினார்.

"அந்த அடுப்புல வெச்சதுதான் தம்பி. நான் சாப்புட்டேன். நீங்க?"

"குடுங்க அக்கா. சட்டியை யார்கிட்ட குடுத்தனுப்ப?"

"திருப்பித் தர வேணாம். இனிமே எனக்கு என்னாத்துக்கு."

பஸ் ரெம்பாவைத் தாண்டும் வரை மடியில் வைத்திருந்தேன். அடி இன்னும் சூடாக இருந்தது. பிறகு பசித்தது. திறந்தேன். மேல் தட்டில் சோறு, கீழே கருவாடும் கத்திரிக்காயும். முகர்ந்து பார்த்தேன். குழம்பு வாசம் மட்டும்தான். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது; சட்டியின் மூடியை அதன் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.